பக்கத்து மேசையில் தடுப்புப் பயிற்சியாளர்

ஹூஸ்டனில், ஹில்கிராஃப்ட் தெருவில் நான் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த அந்த வருடம், எங்கள் ஊர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம், பார்க்கச் சகிக்காதபடி ஆடியது. பந்து கையில் இருந்தால் பாயிண்ட் எடுக்கும். எதிரணியிடம் பந்து போய்விட்டால் தடுக்கத் தெரியாது. ஆறு வாரம் ஆடியதில் நான்கு தோல்வி.

ஹூஸ்டனுக்கு வருவதற்கு முன் நியூஜெர்சியில் ஒரு சமையல்கட்டிலும், சன்னிவேலில் ஒரு மெஸ்ஸிலும் இருந்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் தரிக்காது. நியூஜெர்சியில் முதல் குளிர்காலம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன். அந்த அறையில் இருந்த பழைய டிவியில் சனிக்கிழமைதோறும் இந்த ஆட்டம்தான் ஓடும். பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் கபடி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் கடைக்கு ஞாயிறு மதியம் தவறாமல் இருவர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர், மற்றவர் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். இருவருடைய பிள்ளைகளும் அந்தக் கல்லூரியில் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அப்பாக்கள் மட்டும் இன்னும் அந்த அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, அதே நிறத் தொப்பியோடு ஆஜானுபாகுவான வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக வந்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்து பரோட்டாவும் மட்டன் சுக்காவும் கேட்டார். டாக்டர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாஸ்டர், ஆள் யாருன்னு தெரியுதா? டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர்!"

தடுப்பு ஆட்டக்காரர்களுக்கென்றே இருக்கும் பயிற்சியாளர். அணியின் எல்லாப் பழியும் அப்போது அவர் தலையில்தான். இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். டாக்டர் தாழ்த்தவில்லை.

"எதுக்குய்யா பயம்? தமிழ்லதானே பேசறோம். அவருக்கு என்ன புரியப்போவுது?"

அப்படி ஆரம்பித்ததுதான். மூன்று ஞாயிறு அந்த மனிதர் தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் இருவரும் அவரைப் பிரித்து மேய்ந்தார்கள்.

"பிளேயர்ஸை பிளேம் பண்ணாதய்யா. ஸ்கீமே டோட்டல் வேஸ்ட்!"

"கோச்சை ஃபயர் பண்ணா டிஃபென்ஸ் ஆட்டோமேட்டிக்கா இம்ப்ரூவ் ஆயிடும்."

"லாஸ்ட் ஹோம் கேம் லாஸ் பண்ணட்டும். மண்டே மார்னிங் டிஸ்மிஸ்!"

கல்லாவில் இருந்த முதலாளி அக்கா கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க டாக்டர், அந்த மனுசன் நிம்மதியா ரெண்டு வாய் திங்கட்டுமுங்க" என்பார். யார் கேட்டார்கள்?

மூன்றாம் ஞாயிறு டாக்டர் என்னையும் இழுத்தார். "மாஸ்டர், நீ என்ன சொல்ற?"

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். சமையல்கட்டுக்குப் போதுமான அளவு. அதனால் தெரிந்த பாஷையில் சொன்னேன். "ஆளாளுக்குத் தனியா போய் விழறாங்க டாக்டர். ஒருத்தன் காலைப் புடிச்சா அடுத்தவன் இடுப்பைப் புடிக்க வேணாமா? பக்கத்துல இருக்கறவன் வருவான்னு எவனுக்கும் நம்பிக்கை இல்ல."

பக்கத்து மேசையில் நாற்காலி நகர்ந்தது. அவர் திரும்பி உட்கார்ந்தார். கோபம் இல்லை. நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் கேட்டார்.

"ஸ்கீம் வேஸ்ட் என்றீர்கள், புரிந்தது. கோச்சை ஃபயர் செய்ய வேண்டும், புரிந்தது. திங்கட்கிழமை காலை டிஸ்மிஸ், அதுவும் புரிந்தது. மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். இவர் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை புரியவில்லை. என்ன சொன்னார்?"

நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டர், தன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் தண்ணீர்க் குவளைக்குள் ஏதோ தேடினார். கடைசியில் டாக்டர்தான் நான் சொன்னதை மொழிபெயர்த்தார், வழியெல்லாம் "சாரி" தூவிக்கொண்டு.

"எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள்" என்றார் அவர்.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. இரண்டு மேசைகளை ஒதுக்கினேன். கபடியில் தடுக்கிறவர்கள் கை கோத்து நிற்பதுபோல் நான் நடுவில், டாக்டரும் இன்ஜினியரும் ஆளுக்கொரு கையில். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்தார். ஒரு மினி லாரி வருவது போலிருந்தது.

"புடி! இடுப்பைப் புடி!" என்று கத்திக்கொண்டே நான் காலில் விழுந்தேன். இன்ஜினியர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு மேலே சாய்ந்தார். நான்கு பேரும் மொத்தமாகத் தரையில்.

"அய்யோ, சாம்பார் வாளி!" என்று அக்கா அலறினார். வாளி தப்பித்தது. என் முழங்கை தப்பவில்லை.

அவர் தரையில் கிடந்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எழுந்து தூசி தட்டிக்கொண்டு சொன்னார்: "இதையேதான் எட்டு வாரமாகப் படம் போட்டு விளக்குகிறேன். கையைக் கோத்து நிற்கவைக்கத் தோன்றவில்லை." கதவருகே நின்று டாக்டரைப் பார்த்தார். "நீங்கள் சொன்னது சரி. கடைசி ஆட்டம் தோற்றால் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை."

அதன் பிறகு இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் கல்லாவில் யாரோ ஓர் உறை கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்கு டிக்கெட். அக்கா யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை மதியம் கடையைப் பூட்டினார். கடை தொடங்கியதிலிருந்து சனிக்கிழமை பூட்டியது அதுதான் முதல் தடவையாம்.

தடுப்பு ஆட்டக்காரர்கள் கை கோத்து மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். டாக்டர் என் தொடையில் ஓங்கி அடித்தார். ஆனாலும் முதல் பாதியில் வழக்கம்போல ஓட்டைதான். கடைசி நிமிடத்தில் எங்கள் அணி நான்கு பாயிண்ட் முன்னால். எதிரணிக்கு எல்லைக்கோடு இன்னும் ஐந்து கெஜம்; பந்தோடு அதைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. நான்கு முயற்சி பாக்கி.

முதல் மூன்றில் மூன்று கெஜம் போய்விட்டது. நான்காவதில் பந்தோடு ஒருவன் நடுவில் பாய்ந்தான். ஒருவன் காலைப் பிடித்தான். அடுத்தவன் இடுப்பை. மூன்றாமவன் மேலே விழுந்தான். கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் எல்லாம் நின்றது.

அக்கா யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டியைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். இன்ஜினியர் அழுதார். நான் இருக்கையின் மேல் ஏறி நின்று "புடிச்சிட்டான்டா!" என்று கத்தினேன்.

மறுநாள் ஞாயிறு அவர் வந்தார். இன்னொரு வருடம் வைத்துக்கொள்கிறார்களாம். அக்கா சுக்காவை இரண்டு மடங்காக வைக்கச் சொன்னார். பக்கத்து மேசையில் டாக்டர் சும்மா இருக்க முடியாமல் நெளிந்தார். வென்றாலும் தடுப்பு இன்னும் சுமார்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாஸ்டர்," என்று என் காதோரம் வந்தார். "பாஸ் கவரேஜ் வீக்குன்னு சொல்லணும். இங்கிலீஷே கலக்காம எப்படிச் சொல்றது?"

"தூக்கிப் போடற பந்தைத் தடுக்க ஆள் பத்தலன்னு சொல்லுங்க."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக, தெளிவாக, முழுத் தமிழில் சொன்னார். அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும்.

கோச் திரும்பவில்லை. பரோட்டாவைப் பிய்த்தபடி, "இப்போது என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டார்.

"சுக்கா நல்லா இருக்காம்" என்றேன்.