அவருக்குக் கோபம் வருமா?

என் கணவர் மௌத்தான செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். தங்கமான மனுஷன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். முதல் இரண்டு நாள் நானும் தலையை ஆட்டிக்கொண்டேன். பிறகு எரிச்சலாக வந்தது. இதையெல்லாம் தெருவில் போகிறவரே சொல்லிவிடலாமே. கட்டியவளுக்கென்று தெரிந்தது ஒன்று இருக்க வேண்டாமா? யோசித்துப் பார்த்தால் என்னிடமும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஒரு கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் வீடு கல்யாண வீடுதான். எதைப் போட்டாலும் சாப்பிடுவார். குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும் 'நல்லா இருக்கு' என்பார். எனக்கோ கோபம் மூக்கின் மேல் நிற்கும். போனில் நான் எகிறினால், "சரிம்மா, உடம்பைப் பாத்துக்க" என்று முடித்துவிடுவார். சண்டை போடக்கூட ஆள் இல்லாத குடித்தனம். விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரியிடம் கோபித்துக்கொள்வாரா? என் கணவர் என் வீட்டில் கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே இருந்தார்.

மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கபன் துணி சுற்றிய உடம்பின் படத்தைக் கொழுந்தன் தன் போனில் காட்டினான். அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள், புருஷனை இழந்தவள் வெளியே போகாமல், வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு திரை தொங்கவிட்டார்கள். மகள் பத்து நாள் இருந்தாள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் போன் செய்கிற நேரம். அந்த நேரம் வந்தால் கை தானாகப் போனை எடுக்கும். இத்தனை வருஷமும் தனியாக இருந்தவள்தானே, இப்போது மட்டும் என்ன புதுசு என்று என்னையே அதட்டிப் பார்த்தேன். முன்பு இருந்தது காத்திருக்கிற தனிமை. இப்போது காத்திருக்க யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாவது மாதம் ஒருவர் வந்தார். அங்கே என் கணவரோடு ஒரே அறையில் இருந்தவர். வலங்கைமான் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாராம். சம்பா நடவு முடிந்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார். கூடத்தில் கொழுந்தன் எதிரில் உட்கார்ந்தவர் பேச வாயெடுத்தார், முடியவில்லை. விம்மி விம்மி அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் நான் காய்ந்த கண்ணோடு இருந்தேன். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பொறாமை. என் புருஷனுக்காக என்னைவிட இன்னொருவர் அதிகம் அழுவதா?

தேறிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பதினாலு வருஷம் ஒரே ரூமுங்க. எனக்கு டைபாய்டு வந்தப்ப பாய்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டினாரு. அவரு ரசம் வச்சா பக்கத்து ரூம்லேர்ந்தெல்லாம் டம்ளரோட வந்துடுவானுங்க."

ரசமா? இந்த வீட்டில் அவர் வெந்நீர்கூட வைத்து நான் பார்த்ததில்லை. அடுப்படிக்குள் வந்தால், "நீங்க போய் உக்காருங்க, வந்ததே ரெண்டு மாசம்" என்று நானேதான் விரட்டுவேன்.

இன்னும் என்னென்னவோ சொன்னார். ஒவ்வொன்றும் எனக்குப் புதிது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டுவிட்டேன்.

"தம்பி, அவங்களுக்குக் கோபம் வருமா?"

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். இத்தாவில் இருக்கிறவள் அவசியம் இருந்தால்தான் வேற்று ஆணிடம் பேசலாம். எனக்கு இதைவிட அவசியம் எதுவும் இருக்கவில்லை.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? உங்ககிட்ட கோபப்பட்டதே இல்லியா?"

"ஒரு தடவைகூட இல்ல தம்பி."

அழுத மூக்கோடு சிரித்துவிட்டார். "பாய்க்கா? துர்வாசரு அக்கா அவரு! பாத்ரூம் லைட்டை அணைக்கலைன்னா கத்துற கத்துல பில்டிங்கே முழிச்சுக்கும். குறுக்கே கெடக்குன்னு என் செருப்பைத் தூக்கி மாடியிலேர்ந்து வீசிட்டாரு ஒரு நாள்."

எனக்கும் சிரிப்பு வந்தது, என் கணவர் போனபிறகு முதல் தடவையாக. செருப்பை வீசுகிற அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவரோடு ஆசை தீரச் சண்டை போட்டிருப்பேன்.

"எப்பவும் அப்படி இல்லக்கா," என்று அவர் தணிந்த குரலில் தொடர்ந்தார். "லீவு முடிஞ்சு ஊர்லேர்ந்து வந்தா, ஒரு மாசத்துக்குக் கிட்ட நெருங்க முடியாது. எரிஞ்சு விழுவாரு. ஒருவாட்டி நானும் கேட்டுட்டேன். இம்புட்டு வெறுப்பா இருந்தா ஊர்லயே இருந்துட வேண்டியதுதானே பாய்னு. 'அவ ஒரு தடவையாச்சும் இருன்னு சொல்லுவான்னு பாக்குறேன், சொல்லமாட்டேங்கிறாளேடா'ன்னாரு. சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு."

வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்வது இந்துக்கள் பழக்கம் இல்லை. சொல்லாமலே படியிறங்கிப் போனார்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும், என் கணவர் ஏறாமல் வாசலில் கொஞ்சம் நிற்பார். நான் பாஸ்போர்ட்டை எடுத்தீங்களா, பெட்டியைப் பூட்டினீங்களா என்று அதட்டுவேன். அழுதால் மனசு உடைந்துவிடுவாரே என்று முகத்தைக் கல்லாக்கிக்கொள்வேன். இருங்கள் என்றால், பிழைப்பைக் கெடுத்தவள் என்று ஊர் சொல்லுமோ என்ற பயமும் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே கையசைப்பார். மனுஷனுக்குப் போவதில் வருத்தமே இல்லை என்று உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அவர்மேல் கோபித்துக்கொள்வேன்.

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் இருந்தது.

அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே மகள் போன் செய்தாள். என் குரலைக் கேட்டுப் பதறினாள்.

"என்னம்மா, யாரு வந்தாங்க?"

"உங்க அத்தாவைத் தெரிஞ்சவங்கம்மா," என்றேன்.