சாமி கை

செக்கானூரணிக்கு மேற்கே, அந்தப் புஞ்சைக்காட்டு ஊரில் சோலையம்மாளை எல்லாருக்கும் தெரியும். அவளைவிட அவள் மகள் ஒச்சாயியின் வலது கையை இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒச்சாயிக்கு ஐந்து வயது. கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, வலிப்பு மட்டும் தவறாமல் வந்தது. வலது கை எப்போதும் இறுகப் பொத்தியே இருக்கும். சோலையம்மாள்தான் விரல்களை மெல்லப் பிரித்து நகம் வெட்டிவிடுவாள். போன பொங்கலுக்கு வந்த கோடாங்கி பேயாண்டி உடுக்கையை அடித்துக் குறி சொன்னான்.

"ஆத்தா இந்தக் கைக்குள்ள ஒக்காந்திருக்கா. ஒருத்தரும் பிரிச்சிராதீக. தண்ணி படக் கூடாது."

அன்றிலிருந்து அது சாமி கை ஆகிவிட்டது. வெள்ளிதோறும் அதன்மேல் சந்தனம் அப்பினாள் சோலையம்மாள். ஊர்ப் பெண்கள் வந்து அந்தக் கையை இறுகப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

ஆடி பிறந்ததும் பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கியது. வயிற்றுக்கு வசம்பு உரைத்து ஊற்றினாள், மிளகாய் சுற்றிப் போட்டாள், தோளிலேயே தூக்கிக்கொண்டு திரிந்தாள். எதற்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமையானால் கேட்கவே வேண்டாம்.

"மழை இல்லைன்னு ஆத்தா அழுகுறா மதினி, வேறென்ன?" என்றாள் பக்கத்து வீட்டு ரெங்கம்மாள். நல்ல ஆத்தா! மழைக்கு அழ அவளுக்கு இந்த நோஞ்சான் பிள்ளைதானா கிடைத்தது?

ஒருநாள் மதியம் வெந்நீரில் குளிப்பாட்டும்போது பிள்ளை துள்ளியதில், நனையாமல் தூக்கிப் பிடித்திருந்த சாமி கை நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. சோலையம்மாள் பதறிப்போய்த் தூக்கினாள். வெதுவெதுப்பில் விரல்கள் தாமாகவே தளர்ந்திருந்தன. சந்தனம் கரைந்து ஓட, அழுகல் வாடை குப்பென்று வந்தது.

உள்ளங்கையில் நான்கு நகங்களும் வளைந்து வளர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தன.

ஊரே பிடித்து அழுத்திய கை. வாரந்தோறும் அவளே அழுத்திய கை.

"ஏய்யா, இங்க வந்து பாரு!" என்று புருஷன் காசிமாயனைக் கூப்பிட்டாள். பார்த்தவன் வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். அவளே கையை வெந்நீரில் ஊறவைத்து, சின்னக் கத்தியால் ஒவ்வொரு நகமாக நறுக்கி எடுத்தாள். சீழ் வடிந்த பிறகு பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனது.

வெள்ளிக்கிழமை கற்பூரத்தோடு வந்தவர்கள் முன்னால் அந்தக் கையை விரித்துக் காட்டினாள் சோலையம்மாள்.

"இந்தா, இதுதான் ஆத்தா. கும்பிடுங்க."

ரெங்கம்மாள் தன் கையைப் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

புண் ஆறியது. அதற்குப் பிறகும் ஒச்சாயி சில நாள் காரணமே தெரியாமல் அழுவாள். அப்போதெல்லாம் சோலையம்மாள் உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்ப்பாள். எதுவும் அகப்படாதபோது அவளுக்கு அச்சம்தான் கூடும். மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பாள்.