அம்மா வைத்த புகையிலை

நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது எனக்குப் பல் வலித்தால் அம்மா "வாயத் தெற" என்று சொல்லி, புகையிலைத் துணுக்கை வைத்து அடக்கிவிடும். சுனாமியில் அம்மா போய்விட்டது. நான் போர்ட் பிளேர் வந்து, கராச்சர்மாவில் தனியாக அறை எடுத்து, ஹாலோ பிளாக் போடும் வேலைக்குப் போகிறேன்.

போன மழைக்காலத்தில் கடைவாய்ப்பல் வலித்தது. நானே புகையிலை வைத்துக்கொண்டேன். வைக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பது போல இருந்தது. அதனால் டாக்டரிடம் போக மனசே வரவில்லை.

மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல் வந்தது. மலேரியா என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்தேன். இரண்டு நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. மூன்றாம் நாள் கூட வேலை செய்யும் செல்வம் அண்ணன் தேடி வந்தார்.

"அரே, மூஞ்சி என்னடா பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு? சலோ, ஆஸ்பத்திரிக்கு."

அங்கே இருந்தது தமிழ் டாக்டர். "பல்லு வலிச்சப்பவே ஏன் வரல?" என்று கேட்டார்.

"பல்லு வேற, காச்சல் வேறன்னு நெனச்சேன் சார்."

"வாயும் ஒன் ஒடம்புலதானப்பா இருக்கு? பல்லுல இருந்த சீழ் ரத்தத்துல கலந்துடுச்சு. உசுருக்கே ஆபத்தா போயிருக்கும்."

பல்லைப் பிடுங்கி, ஊசி போட்டு, எட்டு நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வரும். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இப்போது புகையிலை வாங்குவதில்லை. லேசாக வலித்தாலே பல் டாக்டரிடம் போய்விடுகிறேன். ஒரு கண்ணாடி வாங்கி மாட்டியிருக்கிறேன். தினமும் அதன் முன்னால் நின்று, "வாயத் தெற" என்று நானே சொல்லி, பல்லையும் ஈறையும் பார்க்கிறேன். என்னைப் போலத் தனியாக இருப்பவர்களும் பாருங்கள். முகம் வீங்கினால் சொல்வதற்கு நம் வீட்டில் ஆள் இல்லை.