விழுந்தால் கூப்பிடும் பெட்டி

வாக்கிடாக்கி விற்றுப் பழுதும் பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு சுகம்: திட்டுகிற வாடிக்கையாளர்கூடக் கடைசியில் "ஓவர்" சொல்லிவிடுவார். மற்ற அவஸ்தையெல்லாம், கருவிகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

கரகரப்பு போச்சு

கடை காஞ்சிபுரத்தில். வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பழைய வாக்கிடாக்கி செட்டுகளை எடுத்துவிட்டு டிஜிட்டல் செட் போட்டேன். யார் கூப்பிட்டாலும் திரையில் பெயர் வரும், குரலும் சுத்தமாக இருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம், கேட் காவலில் இருந்த மங்கையக்காவைத் தவிர. உள்ளே பாய்லர் பார்க்கும் ஏழுமலை அவர் வீட்டுக்காரர்.

"பழசுல கரகரன்னு கேட்டுக்கினு இருக்கும், ஆளு இருக்காருன்னு தெரியும். இது பேசலன்னா கெணறு மாதிரி கம்முனு இருக்குதுபா."

மத்தியானத் தொல்லை

இந்தச் செட்டில் ஒரு வசதி உண்டு. அரை நிமிடம் சாய்ந்து கிடந்தால், ஆள் விழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எல்லாச் செட்டிலும் அலறும். ஏழுமலை சாப்பிடும்போது அதைக் கழற்றிப் படுக்கப் போடுவார். தினம் ஒரு மணிக்கு மில்லே அலறும். மங்கையக்கா கேட்டை விட்டுவிட்டு ஓடுவார்.

மானேஜர் கத்தியதால் ஏழுமலை செட்டில் மட்டும் அந்த வசதியை நிறுத்தினேன். நிமிர்த்தி வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், எனக்குச் சோம்பல். ஏழுமலை சிரித்தார்.

"நல்லதாப் போச்சு தம்பி, இனிமே நிம்மதியா சோறு துன்னலாம்."

அலறாத நாள்

பத்து நாள் கழித்து ஏழுமலை பாய்லர் பின்னால் நெஞ்சுவலியில் விழுந்தார். செட் இடுப்பில்தான் இருந்தது. ஒன்றரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம் டாக்டர்.

துக்கத்துக்குப் போனேன். வசதியை நிறுத்தியதை மங்கையக்காவிடம் யாருமே சொல்லவில்லை. புருஷன் ஒருவழியாக நிமிர்த்தி வைக்கப் பழகிவிட்டார் என்றே நினைத்திருக்கிறார். நான்தான் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

"அது கத்தலயே, நல்லாதான் இருக்காருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா."

ஒரு மணி

மாதம் ஒன்று போனது. மானேஜர் போன் செய்தார்: மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாச் செட்டும் அலறுகிறது, திரையில் ஏழுமலை பெயர். நான் பயப்படவில்லை. ஒரு செட்டின் அமைப்பை இன்னொன்றில் நகல் எடுக்கும்போது, பெயரைக் காட்டும் நம்பரை மாற்ற மறப்பது எங்கள் தொழிலில் சகஜம். செத்தவர் பெயரில் இன்னொருவர் பேசுவார், அவ்வளவுதான்.

மில்லுக்குப் போய் ஒவ்வொரு செட்டையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அந்த நம்பர் ஏழுமலை செட்டில் மட்டும்தான் இருந்தது. அதுவோ பேட்டரி கழற்றி அலமாரியில் கிடந்தது. கடைசியாக அதற்குப் பேட்டரி போட்டுப் பார்த்தேன். வசதி நான் நிறுத்தியபடியே இருந்தது. பேட்டரியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும்போதே மணி ஒன்றானது, மற்ற எல்லாச் செட்டும் அலறின. மானேஜர் எழுந்து வெளியே போனார். மங்கையக்கா கேட்டை விட்டுவிட்டுப் பாய்லர் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"தயவுசெஞ்சி இத மட்டும் நிறுத்திடாதபா."

நிறுத்த எனக்கு ஆசைதான், ஏற்கெனவே நிறுத்திய ஒன்றை எப்படி நிறுத்துவது என்று எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் போடவில்லை.