ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, ராஜபாளையத்தில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினோம். போனில் வழி பார்த்தேன். பெரிய ரோட்டில் போனால் ஐந்து பத்துக்குப் போய்ச் சேரலாம் என்றது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ராகு காலத்துலயா? வெம்பக்கோட்டை வழியாவே போங்க."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. உங்களிடம் சொன்னால் என்ன?

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருந்தேன். தினசரிக் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிக்கும் வேலை. லோடு ஏற்றிப் போகும் நாட்களில் வேனிலும் போவேன். ஓட்டுபவர் காதர் அண்ணன். பெரிய ரோடு என்றாலே அவருக்கு ஆகாது. விருதுநகருக்கு என்றால் ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரைப் பார்க்காமல் போகமாட்டார். முதலாளி கேட்டால், அந்த ரோட்டில் முன்னால் போகிற லாரியின் முதுகைத் தவிர என்ன தெரிகிறது என்று திருப்பிக் கேட்பார். அவர் பேசுவார், நான் தலையாட்டினால் போதும். கூச்சப்படுகிறவனுக்கு அதைவிடச் சுகமான உத்தியோகம் ஏது? இன்றும் புதுக் காலண்டரின் மை வாசனை மூக்கில் பட்டால், எனக்கு அந்தச் சின்ன ரோடுகளில் வேனுக்குக் குறுக்கே ஓடிய மயில்தான் ஞாபகம் வரும்.

அந்த ஆவணியில் எனக்கு ராஜபாளையத்தில் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. பையன் வாயே திறக்கவில்லையே என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் இனி அலைய மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். காலண்டரில் நல்ல நேரம் பார்த்தது நான்தான். ஞாயிறு மாலை ஐந்து மணி என்று தரகரிடம் சொல்லியனுப்பினேன்.

காதர் அண்ணன் கம்பெனி வேனைக் கொண்டுவந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, பொண்ணு பாக்கப் போறியா, பரிச்சை எழுதப் போறியா?"

வழக்கம்போல வெம்பக்கோட்டைப் பாதையில் விட்டார். இரண்டு பக்கமும் புளியமரம், அதற்கு அந்தப் பக்கம் உழுதுபோட்ட கரிசல். அணைக்கட்டில் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டார். அப்புறம் ஒரு ஆட்டுமந்தை. ஆலங்குளம் வந்தால், சிமெண்டு ஆலைத் தூசி படிந்து வெள்ளையாக நிற்கும் வேம்படியில் ஒரு டீக்கடை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"காதரு, நாம போறதுக்குள்ள அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிரும் போல."

"இவன் மொகத்தப் பாருங்கம்மா. கொஞ்சம் காத்துப் பட்டாத்தான் தெளியும்."

போய்ச் சேரும்போது ஆறு பத்து. வாசலில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அவரோ முகமெல்லாம் சிரிப்பாக வந்து காதர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. ராகு காலம் கழியட்டும்னு இருந்து வந்தீகளாக்கும்? ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வாரவுகளுக்கா பொண்ணக் குடுக்கன்னு காலையில இருந்து வீட்டுல ஒரே சண்டை."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன். காதர் அண்ணன் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"அணைக்கட்டுல நின்னு, ஆலங்குளத்துல டீ குடிச்சிட்டுத்தான் வாரோம் அண்ணாச்சி."

நடந்தது இதுதான். காலண்டர் கம்பெனிக்காரன் வீட்டில் அந்த வருடத்துக் காலண்டர் இருக்காது. கேட்டவர்களுக்குக் கொடுத்தே தீர்ந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்கு வெளிவந்த அடுத்த வருடத்துச் சாம்பிள்தான் சுவரில் தொங்கியது. நான் தேதியைப் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை. அதே தேதி அதில் திங்கட்கிழமை; நான் சொல்லியனுப்பியது திங்கட்கிழமையின் நல்ல நேரம். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம் என்பதை மற்ற வீடுகளில் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் காலண்டரை நம்பினோம், காலண்டருக்கு என்னை நம்பினார்கள்.

மாமனார் கடைசிவரை என்னை நேரங்காலம் தெரிந்த மாப்பிள்ளை என்றே ஊருக்குச் சொன்னார். அவர் போன பிறகு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"அடுத்த வருசக் காலண்டர் தொங்குனத வந்த அன்னைக்கே பாத்துட்டேன்," என்றாள்.

போன ஞாயிறு அதே பாதையில்தான் போனோம். ரோட்டை அகலப்படுத்தியதில் புளியமரங்கள் போய்விட்டன. அணைக்கட்டில் நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் தாண்டிவிட்டோம். டீக்கடை இருந்த வேம்பையும் காணோம். காதர் அண்ணனுக்கு மூட்டுவலி, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வழியில் ஒரு ஆடுகூட மறிக்கவில்லை.

மச்சினன் வாசலில் இறங்கி மணி பார்த்தேன். ஐந்து அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.