எங்கும் போகாத றோட்டு

டயாலிசிஸ் வார்டில் என் பக்கத்துக் கதிரை ஓர் ஐரிஷ்காரருடையது. ஒன்றைவிட்டொரு நாள் ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் இருவரும் அருகருகே கிடப்போம். எங்கள் இரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அவர் இந்த நகரத்துக்குத் தார் றோட்டுப் போட்டே காலம் கழித்தவர். மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

ஒருநாள் தன் ஊர் மலையிலுள்ள பழைய றோட்டைப் பற்றிச் சொன்னார். உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினி கிடந்த காலத்தில், சும்மா சாப்பாடு கொடுக்கக்கூடாதென்று அரசாங்கம் அவர்களைக் கல்லுடைக்க வைத்ததாம். அப்படிப் போட்ட றோட்டு மலையில் ஏறி, சதுப்பு நிலத்தில் பாதியில் நின்றுவிட்டது. அதற்கப்பால் ஊருமில்லை, வீடுமில்லை.

"விழுந்து செத்தவர்களை ஓரத்திலேயே புதைத்தார்கள். அந்த இடத்தில் முளைக்கிற புல்லை மிதித்தால் உயிர்போகிற பசி வரும். ஒரு துண்டு பாணாவது கையில் இல்லாமல் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்."

"நீங்கள் நம்புகிறீர்களா?"

"சின்ன வயதில் மிதித்தேன். முழங்கால் மடிந்து விழுந்துவிட்டேன். அக்கா என் வாயில் பாணைத் திணித்துத்தான் எழுப்பினாள்."

யாருக்கும் சொல்லாத ஒன்றை அன்று அவருக்குச் சொன்னேன். வன்னியில், யுத்தத்தின் கடைசி நாட்களில், எங்கள் மகள் காய்ச்சலும் பசியுமாக என் தோளிலேயே போய்விட்டாள். றோட்டோரம் கையால் மண் தோண்டிப் புதைத்துவிட்டு, ஷெல் விழ விழ நானும் மனைவியும் நடந்தோம்.

அவர் கேட்டார்: "அங்கே புல் முளைத்திருக்குமா?"

"இல்லை. இப்போது அது வழுவழுவென்று தார் போட்ட அகலமான காப்பெற் றோட்டு. பஸ்கள் பறக்கின்றன."

குழாய் பூட்டாத கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

பனி உருகத் தொடங்கிய நேரம், இனி வரப்போவதில்லை என்றார். மெஷினை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"களைத்துவிட்டேன்," என்றார்.

கொஞ்ச நாளில் அவர் போய்விட்டதாக நேர்ஸ் சொன்னார். கதிரையில் வேறு யாரோ இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் போனில் வரைபடத்தைத் திறந்து அந்த வன்னி றோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நேரான கறுப்புக் கோடு. கடைகள், மின்கம்பங்கள். எந்த இடமென்று பிடிபடவேயில்லை. பின்னால் மனைவி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னத்தைத் தேடுறியள்?"

"பிள்ளையை வைச்ச இடத்தை."

"உதை மூடுங்கோ," என்றாள். "நான் எத்தினையோ தரம் தேடிப் பாத்திட்டன்."