கண்ட்ரோல் போனில் கேட்ட ஹாக்கி ஃபைனல்

1. ஒரே கம்பியில் பன்னிரண்டு வீடு

வேலையில் சேர்ந்த அன்று ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு கைவிளக்கு, நான்கு விரல் தடிமனுக்கு ஒரு விதிப் புத்தகம் ஆகியவற்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பொன்னேரிக்கு வடக்கே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அடித்த கூத்துக்கு அந்த ஊர் என்ன செய்யும், பாவம்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வராத காலம். பிளாட்பாரத்தில் நின்றால் இரண்டு பக்கமும் நெல் வயல்தான். நான் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டர், சுருக்கமாக ஏ.எஸ்.எம். வயது இருபத்து மூன்று. பெரியபாளையம் பக்கத்தில் எங்கள் குடும்பம் ஏரும் மாட்டு வண்டியும் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. அதனால் ஐம்பது வேகன் கூட்ஸ் வண்டி என் கொடிக்குக் கட்டுப்பட்டுப் போவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

இன்றைய பிள்ளைகளுக்கு இரண்டு சாதனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, பிளாக் மணி. எனக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் மட்டுமான மணி. நான் இங்கே தட்டினால் அங்கே ஒலிக்கும். எத்தனை தட்டு என்பதில்தான் செய்தி இருக்கிறது. விடாமல் ஆறு தட்டினால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். கேட்டவர் அதே ஆறைத் திருப்பித் தட்ட வேண்டும்.

இன்னொன்று கண்ட்ரோல் போன். இது சென்னையில் உட்கார்ந்து வண்டிகளை நடத்தும் கண்ட்ரோலருக்கும் எங்கள் பாதையில் இருந்த பன்னிரண்டு ஸ்டேஷன்களுக்கும் பொதுவான ஒரே கம்பி. ஒருவர் பேசினால் போனை எடுத்த அத்தனை பேருக்கும் கேட்கும். பேச வேண்டுமானால் கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொள்ள வேண்டும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மாற்றல் என்று எல்லாமே அந்தக் கம்பியில்தான் தெரியவரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரே வீட்டில் குடித்தனம் செய்ததுபோல இருந்தோம்.

கண்ட்ரோலர் வரதன் சார். கறாரான குரல். அடுத்த ஸ்டேஷனில் ஏ.எஸ்.எம். எத்திராஜ், என்னோடு ஒன்றாகப் பயிற்சி முடித்தவன், பொன்னேரிக்காரன். ரயில்வே ஹாக்கி டீமில் கோல்கீப்பர். முழங்காலில் அடிபட்டதோடு ஆட்டம் போய், வேலை மட்டும் மிச்சம். ஹாக்கி என்று யாராவது பேச்செடுத்தால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

2. உத்தரவு வாங்கிச் செய்த தப்பு

அறுபத்தாறாம் வருஷக் கடைசி. பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஹாக்கி ஃபைனலில் நம் டீமும் பாகிஸ்தானும். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் தங்கம் அவர்களிடம் போயிருந்தது. டீக்கடையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

ஃபைனல் அன்று பகல் டியூட்டி எனக்கு. பன்னிரண்டு ஸ்டேஷனில் என் ஒருவனிடம்தான் டிரான்சிஸ்டர் இருந்தது, பினாங்கிலிருந்து மாமா கொண்டுவந்தது. காலையிலேயே எத்திராஜ் கண்ட்ரோல் கம்பியில் வந்துவிட்டான்.

"இன்னாபா, பெட்டி ரெடியா? மேட்ச் ஆரம்பிச்சா போன்ல வெச்சுக் குடு. நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

"கண்ட்ரோல்ல சார் இருக்கார்டா. வேலைக்கு வேட்டு வெச்சுடாதே" என்றேன்.

குறுக்கே வரதன் சார் குரல் வந்தது. "நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். வெச்சுக் குடு. ஒரே கண்டிஷன். யாருக்காவது லைன் வேணும்னா ஸ்டேஷன் பேரைச் சொல்லணும். அந்த செகண்டே ரேடியோ கட். புரிஞ்சுதா?"

பன்னிரண்டு ஸ்டேஷனும் ஒன்றாக "சரி சார்" என்றது. கறாரான குரலுக்குள்ளும் ஹாக்கி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வடக்கே போகும் கூட்ஸ் ஒன்று என் ஸ்டேஷனைத் தாண்டும். அதே சமயத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து பாசஞ்சர் எத்திராஜ் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வரும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கூடுதல் நேரம் என்று ஒன்று உண்டு என்பது என் கணக்கில் இல்லை.

3. சிவப்பு நாடா

ஆட்டம் தொடங்கியது. டிரான்சிஸ்டரை மேசைமேல் வைத்து, போனின் வாய்ப்பக்கத்தை அதற்கு முன்னால் பிடித்து, பட்டனை அழுத்தியபடி உட்கார்ந்தேன். இடையிடையே யாராவது ஸ்டேஷன் பெயரைச் சொல்வது காதில் விழும். உடனே பட்டனை விட்டுவிடுவேன். வண்டி நேரத்தைச் சொல்வார்கள். அந்த அவசரத்திலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்து மாஸ்டர் "ஏமி நைனா, மனவாள்ளு கோல் கொட்டாரா?" என்று கேட்பார். "நம்மாளுங்க இன்னும் கோல் போடல சார்" என்பேன். ஒழுங்காகத்தான் நடந்தது.

கோல் விழாமலே ஆட்ட நேரம் முடிந்து, கூடுதல் நேரம் தொடங்கியது. கூட்ஸ் வரும் நேரமும் ஆனது.

வண்டி தாண்டும்போது ஏ.எஸ்.எம். பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் முதல் கடைசி வேகன் வரை கண்ணால் பார்த்து, கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டோடு கொடி காட்டிக்கொள்ள வேண்டும். விதிப் புத்தகத்தில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. ஆனால் நான் எழுந்து போனால் பதினோரு ஸ்டேஷனுக்கு ஆட்டம் நின்றுபோகும். என்னால் ஆகாது என்று தோன்றியது. என்ன செய்தேன் தெரியுமா? ஃபைல் கட்டும் சிவப்பு நாடாவை எடுத்துப் பட்டன் அழுந்தியபடியே இருக்கும்படி கைப்பிடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். போனை டிரான்சிஸ்டர்மேல் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

அந்த முடிச்சைப் போட்டபோது பெரிய மூளைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். என் காதை நானே கட்டிவிட்டேன் என்பது தோன்றவில்லை. இனி யார் ஸ்டேஷன் பெயரைச் சொன்னாலும் எனக்குக் கேட்காது, ரேடியோவும் நிற்காது.

வாசலுக்கு வந்தவன் பிளாட்பாரத்துக்கும் போகவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கண் வண்டிமேல், காது டிரான்சிஸ்டரில். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தனபால் மட்டும் பிளாட்பார ஓரத்தில் ஒழுங்காக நின்றிருந்தார்.

"சார்! பொக! அந்த வண்டில சக்கரத்தாண்ட பொக கக்குது சார்!"

திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு வேகனின் சக்கர அச்சைத் தாங்கும் ஆக்ஸில் பெட்டியிலிருந்து நீலப் புகை, அதன் அடியில் சின்னதாகத் தீ நாக்கு. ஹாட் ஆக்ஸில். எண்ணெய் வற்றி, சூடேறி, கடைசியில் ஆக்ஸில் முறிந்தால் வேகன் பக்கத்துத் தண்டவாளத்தில் சாயும். சிவப்புக் கொடி உள்ளே மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கடைசி வேகனும் தாண்டிவிட்டது. கார்டு பச்சைக் கொடி காட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பியிருந்தார். நான் அவர் முதுகுக்குச் சிவப்புக் கொடி ஆட்டினேன்.

பக்கத்துத் தண்டவாளத்தில் வரப்போவது அந்தப் பாசஞ்சர். மீன் கூடைக்காரப் பெண்கள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று எப்போதும் நெரிசலாக வரும் வண்டி. காலையில் தனபால் என்னிடம் சொல்லியிருந்தார், "எம் பொஞ்சாதி கொயந்தயத் தூக்கிக்கினு இன்னிக்கி வருது சார், பாசஞ்சர்ல."

4. பதில் வரவில்லை

பிளாக் மணியை ஆறு தடவை தட்டினேன். பதில் இல்லை. மறுபடி ஆறு. பதில் இல்லை.

எத்திராஜ் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? கண்ட்ரோல் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கூடுதல் நேரத்துக்குள் முங்கிக் கிடப்பான். மணி எங்கே அவன் காதில் ஏறப்போகிறது? பாவி, பாவி என்று வாய்விட்டுத் திட்டினேன். கண்ட்ரோல் போனைப் பிடுங்கினேன். நாடா முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

அந்த நேரம் பார்த்து டிரான்சிஸ்டரில் ஒரே இரைச்சல். கோல். எங்கள் கோல். முடிச்சு அவிழ்ந்து போனைக் காதில் வைத்தால், பத்து ஸ்டேஷனும் பட்டனை அழுத்திக்கொண்டு ஒரே சமயத்தில் கத்துகின்றன. யாரோ விசில் அடிக்கிறார். வரதன் சார், சாட்சாத் வரதன் சார், "அட்ச்சான்யா! அட்ச்சான்யா!" என்று கூவுகிறார்.

"எத்திராஜ்! பாசஞ்சரை விடாதே! ஹாட் ஆக்ஸில்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தக் கம்பியைச் சந்தைக்கடை ஆக்கியவன் நான்தான். யாரை நொந்து என்ன?

தனபால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது பிளாக் மணி ஒலித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நானும் தனபாலும் உதட்டை அசைத்து எண்ணினோம். ஆறு. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இடையில் போனது மூன்று நிமிடம் இருக்கலாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கண்ட்ரோல் கம்பியில் எத்திராஜின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "பாசஞ்சர் நிறுத்தியாச்சு. கூட்ஸுக்கு செவப்பு சிக்னல் போட்டுட்டேன், வெளியவே நிக்கும். ஹாட் ஆக்ஸிலா இன்னா?"

கம்பியில் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பட்டனை விடும் சத்தம் கேட்டது.

5. விசாரணை

கூட்ஸ் சிக்னலுக்கு வெளியே நின்றது. வேகனைக் கழற்றி ஓரம் கட்டினார்கள். ஆக்ஸில் செங்கல் சூளைபோலச் சிவந்திருந்ததாம். பாசஞ்சர் தாமதமாக என் ஸ்டேஷனுக்கு வந்தது. தனபாலின் மனைவி குழந்தையோடு இறங்கி, "இன்னாத்துக்கு இம்மா நேரம் நிறுத்தினாங்க, கொயந்த பசில கத்துது" என்று சலித்துக்கொண்டார். தனபால் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் கடைசிவரை யாரிடமும் இதைப்பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். "வண்டி பாஸ் ஆகும்போது நீ எங்க நின்னே?"

பொய் சொல்லியிருக்கலாம். பிளாட்பாரத்தில் என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. ஏனோ வாய் வரவில்லை. "வாசல்ல சார். ரேடியோ கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றேன். நாடா கட்டியதையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். வரதன் சார் தானாக எழுதிக் கொடுத்தது. 'கண்ட்ரோல் கம்பியில் கமென்டரி வைக்க அனுமதி கொடுத்தவன் நான். முழுப் பொறுப்பும் என்னுடையது.'

"நாடா கட்டச் சொன்னது அவர் இல்லை சார்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? இந்த ஐடியால்லாம் உன்ன மாதிரி புதுசுங்களுக்குத்தான் வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். இருவருக்கும் எழுத்து மூலமான எச்சரிக்கையோடு முடிந்தது. முப்பத்தைந்து வருஷம் நான் சாப்பிட்ட சோற்றில் வரதன் சாருக்குப் பங்கு உண்டு. அவரிடம் இதை நேரில் சொல்லவும் வாய்த்தது. "போய்யா, வண்டியப் பாரு" என்றார்.

6. யாரும் கேட்காத கோல்

வார ஓய்வு நாளில் எத்திராஜைப் பார்க்கப் போனேன். அவன் டியூட்டியில் இருந்தான். டிபன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "நான் ரெண்டு தடவை மணி அடிச்சேன். ஏன்டா பதில் அடிக்கலை? நீ மேட்ச் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனைச்சுட்டேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மேட்சா? எக்ஸ்ட்ரா டைம் ஆரம்பிக்கசொல்லோ பாசஞ்சர் வந்துடுச்சு. போனை வெச்சுட்டு வெளிய போய்ட்டேன். பிளாட்பாரத்துல நிக்கசொல்லோ உன் மணி கேட்டுச்சு. டிரைவரு விசில் அட்ச்சுட்டான், வண்டி நகருது. உள்ள வந்து உனக்குப் பதில் தட்டுவனா, வண்டியப் புடிப்பனா? கோல்கீப்பரு பந்த உட்டுட்டு அம்பயருக்கு பதில் சொல்வானாய்யா?"

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எஞ்சின் வரைக்கும் ஓடியிருக்கிறான். பிறகு லீவர்களைத் தள்ளிக் கூட்ஸுக்கு சிக்னல் போட்டுவிட்டுத்தான் மணியண்டை வந்திருக்கிறான். அவனைப் பாவி என்று திட்டினேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அதையும் அவனிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். "சரி அத உடு. கோலு எப்டி விய்ந்துச்சு? பெனால்டி கார்னரா, ஓடியாந்து அட்ச்சதா? உன்னாண்டதான் பெட்டி இருந்துச்சே, ஒண்ணு உடாம சொல்லு."

வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் நான் நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு ஸ்டேஷனில் அந்தக் கோலைக் கேட்காதவர்கள் இரண்டே பேர், பெட்டி வைத்திருந்த நானும், ஹாக்கிக்காக உயிரையே விடும் அவனும். சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அப்போது ஒரு வண்டிக்கு மணி அடித்தது. இரண்டு பேரும் எழுந்து பிளாட்பாரத்துக்குப் போனோம். எனக்கு டியூட்டி இல்லை, கையில் கொடியும் இல்லை. இருந்தாலும் எஞ்சின் முதல் கடைசி வேகன் வரை ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான் நின்றேன்.